கோட்டைக்குப் பக்கத்துக் கல்லறைத் தோட்டம்

பாஞ்சாலங்குறிச்சிக்குப் போகிறவர்கள் கட்டபொம்மன் கோட்டையைச் சுற்றிப் பார்ப்பார்கள், உள்ளே இருக்கிற சக்கதேவி கோவிலில் கும்பிடுவார்கள், வாசலில் நின்று நாலு போட்டோ எடுப்பார்கள், கிளம்பிவிடுவார்கள். கோட்டைக்குப் பக்கத்தில் வெள்ளைக்காரப் பட்டாளத்தின் கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறவர்கள் குறைவு. செத்துப்போன எதிரியைப் போய்ப் பார்ப்பானேன் என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்தான். நான் போனது அதைப் பார்ப்பதற்கென்றே. காரணம் தொழில்.

எங்களுக்குப் பாளையங்கோட்டையில் கல் வேலை. கல்லறைக் கல், சர்ச் கட்டுமானத்துக்கு அஸ்திவாரக் கல், வீட்டு வாசலில் பதிக்கிற பெயர்க் கல் எல்லாம் செய்வோம். சோறு போடுவது கல்லறைக் கல்தான். அப்பா காலத்தில் எல்லாம் உளியும் சுத்தியலும். இப்போது கம்ப்யூட்டரில் அடித்து, ஸ்டிக்கர் வெட்டிக் கல்லில் ஒட்டி, மணலைப் பீய்ச்சி அடித்து எழுத்தை இறக்குகிறோம். அரை நாளில் வேலை முடிந்துவிடும். உளியில் வெட்டிய எழுத்துக்கும் மணல் அடித்த எழுத்துக்கும் வித்தியாசம் தெரியாத சனம்தான் இன்றைக்கு வாடிக்கையாளர்கள். அதைக் குறை சொல்லி என்ன, எனக்கும் முதுகு வலி மிச்சம்.

அப்பா கூலி கேட்டது எழுத்துக் கணக்கில். எழுத்துக்கு இவ்வளவு என்று ரேட் சொல்வார். புள்ளிக்குக் காசு கிடையாது. அது அவருடைய தர்மக் கணக்கு. துக்க வீட்டுக்காரர்கள் ஒரு தாளில் முழு விவரமும் எழுதிக்கொண்டு வருவார்கள். பெயர், தகப்பனார் பெயர், ஊர், பார்த்த உத்தியோகம், பிறப்பு, இறப்பு, கீழே ஒரு வேத வசனம். அப்பா பென்சிலை வைத்து எழுத்தை எண்ணித் தொகை சொல்வார். கையில் காசு குறைவாக இருந்தால் முதலில் வசனம் போகும். அப்புறம் உத்தியோகம். அப்புறம் ஊர். கடைசியில் பெயரும் தேதியும் நிற்கும். அதற்கும் முடியாதவர்கள் சிமெண்டில் ஒரு சிலுவையை நட்டு, காய்வதற்குள் ஆணியால் பெயரைக் கீறிவிட்டுப் போவார்கள். ரெண்டு மூன்று மழைக்கு அது தாங்கும்.

இதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு எந்தக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனாலும் புத்தி ஒரே பக்கம்தான் ஓடும். யாருக்கு எத்தனை எழுத்து, யார் காசு கொடுத்தது.

மாசி மாதம், வெயில் இன்னும் ஏறாத நாட்கள். அக்கா மகன் பைக் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து மணியாச்சி வழியாகப் போனோம். மணியாச்சி என்றதுமே நினைவுக்கு வருவது 1911 ஜூன் 17-ஆம் தேதி, வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது. ஆஷின் கல்லறை எங்கள் பாளையங்கோட்டையில்தான் இருக்கிறது. நல்ல கல், நல்ல வேலை. மருமகனிடம் சொன்னேன். "ஓகோ" என்றான். அவன் கவனம் ரோட்டில் இருந்தது. அந்த ரோட்டுக்கு அது தேவையும்கூட.

மணியாச்சி தாண்டினால் கரிசல். மக்காச்சோளம் அறுத்து முடித்த காடுகள், தட்டை மட்டும் குத்திட்டு நிற்கிறது. தூரத்தில் காற்றாலைகள். அங்கங்கே குடை விரித்த உடைமரம், மிச்ச இடத்தில் சீமைக்கருவை. இந்த மண்ணில் மழைக்காலத்தில் நடந்தால் செருப்பு காலோடு வராது. கோடையில் விரல் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். இந்த மண்ணைச் சொல்லாமல் பாஞ்சாலங்குறிச்சிச் சண்டையைச் சொல்ல முடியாது. ஏனென்றால் அந்தக் கோட்டையே இந்த மண்தான்.

இப்போது அங்கே நிற்கிற கோட்டை 1974-இல் தமிழக அரசு கட்டியது. உள்ளே சுவர் நெடுக ஓவியங்கள், கட்டபொம்மன் கதையை வரிசையாகச் சொல்கின்றன. பள்ளிப் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். பழைய கோட்டையின் மிச்சம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அங்கே போய் நின்றால்தான் இடத்தின் அளவு புரியும். சினிமாவில் பார்த்த கோட்டையை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி 1801 சண்டையில் இருந்தவர், பிற்காலத்தில் தம் பட்டாள அனுபவங்களை எழுதிவைத்தார். அவர் கணக்குப்படி நீளம் சுமார் 500 அடி, அகலம் 300 அடி. மண்சுவர் 12 அடி உயரம். சுவரில் இருந்து துருத்தி நிற்கிற சின்னச் சின்னச் சதுரக் கொத்தளங்கள். வெளியே அடர்த்தியான முள்வேலி. அவ்வளவுதான். இந்த மண்சுவரில் ஏறப்போய்த்தான் அத்தனை வெள்ளைக்காரர்களும் அந்தத் தோட்டத்துக்குள் போய்ச் சேர்ந்தார்கள்.

முதல் சண்டை 1799 செப்டம்பர் 5. அந்த வருஷம் மே மாதம் திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் விழுந்திருந்தார். கம்பெனிக்குக் கை ஓய்ந்ததும் மேஜர் பானர்மேன் படையோடு இங்கே வந்தார். அன்றைக்குக் கோட்டையைப் பிடிக்க முடியவில்லை. லெப்டினன்ட் காலின்ஸ் உட்படச் சில அதிகாரிகள் செத்தார்கள். காலின்ஸைக் குத்தியது கட்டபொம்மனின் தளபதி வெள்ளையத் தேவன் என்பது இந்தப் பக்கத்துக் கதை. வெள்ளையத் தேவனுக்கு வல்லநாட்டில் நினைவிடம் இருக்கிறது. அடுத்து என்ன நடந்தது என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேறினார், புதுக்கோட்டைத் தொண்டைமான் பிடித்துக் கொடுத்தார், அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் தூக்கு. கோட்டையை இடித்தார்கள்.

இதுவரைக்கும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தக் கல்லறைத் தோட்டத்தை முக்கியமாக நிரப்பியது 1801. அது கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையின் சண்டை. என்னைக் கேட்டால் பெரிய சண்டை அதுதான். சிலை வைக்கிறபோது மட்டும் அண்ணனைத்தான் எல்லோரும் நினைக்கிறோம்.

ஊமைத்துரையையும் மற்றவர்களையும் பாளையங்கோட்டையில் சிறை வைத்திருந்தார்கள். எங்கள் ஊரில் மேடை போலீஸ் ஸ்டேஷன் என்று சொல்கிற இடம் பாளையங்கோட்டைப் பழைய கோட்டையின் வாசல்தான். நாங்கள் பஸ்ஸுக்கு நிற்கிற வழி. கைதிகளுக்கு வைசூரி கண்டது. அதனால் விலங்கைக் கழற்றி வைத்திருந்தார்கள். 1801 பிப்ரவரி 2-ஆம் தேதி சாயங்காலம், விறகு விற்க வந்தவர்கள் மாதிரி ஆட்கள் உள்ளே வந்தார்கள். விறகுக் கட்டுக்குள் ஆயுதம். அந்த நேரம் வெள்ளைக்கார அதிகாரிகளும் அவர்கள் வீட்டுப் பெண்களும் மேஜர் மெக்காலே வீட்டில் விருந்துக்குக் கூடியிருந்தார்கள் என்று வெல்ஷ் எழுதுகிறார். காவலை முறித்துக்கொண்டு வெளியேறியவர்கள் அன்று இரவே முப்பது மைல் நடந்து பாஞ்சாலங்குறிச்சி போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நாங்கள் பைக்கில் போனதற்கே எனக்கு இடுப்பு விட்டுப்போனது.

மெக்காலே படையைத் திரட்டிக்கொண்டு அங்கே போனபோது, இடித்துத் தரைமட்டமாக்கிய கோட்டை மறுபடியும் எழுந்து நின்றது. அத்தனை சீக்கிரத்தில் ஒரு கோட்டையைக் கட்ட முடியுமா என்று படிக்கிறவர்களுக்குச் சந்தேகம் வரும். கரிசலில் வீடு கட்டியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். மண்ணையும் வைக்கோலையும் தண்ணீர் விட்டு மிதித்து, கை கூடினால் சுவர் தானாக ஏறும். காய்ந்துவிட்டால் இறுகிப்போய்க் கடப்பாரைக்கே மசியாது. சின்னப் பீரங்கிக் குண்டெல்லாம் பிசைந்த மாவுக்குள் விரல் இறங்குகிற மாதிரி உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளுமே தவிரச் சுவர் விழாது. கல் கோட்டை என்றால் தெறித்துச் சரிந்திருக்கும். கல் வேலைக்காரன் நானே சொல்கிறேன், அந்த இடத்தில் கல்லைவிட மண்தான் கெட்டி.

மார்ச் 31-ஆம் தேதி ஏறிப் பார்த்தார்கள். சுவரில் ஓட்டை விழுந்திருந்தது, மேலே ஏறியும் விட்டார்கள், ஆனால் உள்ளே இறங்க முடியவில்லை. ஏறியவன் ஏறிய இடத்திலேயே விழுந்தான். ஏன் என்று அப்போது அவர்களுக்கே விளங்கவில்லை. பிற்பாடு கோட்டையைப் பிடித்த பிறகு உள்ளே போய்ப் பார்த்துத்தான் வெல்ஷுக்கு விஷயம் புரிந்திருக்கிறது. கொத்தளத்தின் உட்புறம் குழிவாக விடப்பட்டிருந்தது. மேலே கால் ஊன்ற இடம் கிடையாது. உள்ளே இருந்தவர்கள் கீழே மறைவில் நின்றுகொண்டு, நீளமான ஈட்டியால், மேலே தலை தெரிகிறவனைக் குத்தித் தள்ளியிருக்கிறார்கள். குத்துகிறவனை மேலே இருப்பவனால் பார்க்கவும் முடியாது, சுடவும் முடியாது. அன்றைக்கு ஏறிய ஐரோப்பியர்களில் பாதிக்கு மேல் செத்தார்கள் அல்லது காயப்பட்டார்கள். அதற்கப்புறம் பெரிய பீரங்கிகளும் கூடுதல் படையும் கர்னல் அக்னியூவோடு வந்து சேர்கிற வரைக்கும் காத்திருந்தார்கள். மே 24-ஆம் தேதி கோட்டை விழுந்தது.

சரி, கல்லறைத் தோட்டத்துக்கு வருகிறேன்.

கோட்டையில் இருந்து நடந்தே போய்விட்டோம். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய கல்லறைகள். காரை பெயர்ந்து செங்கல் பல்லைக் காட்டுகிறது. செங்கல் பழைய அளவு, மெல்லிசு. இடுக்கில் அருகு முளைத்திருந்தது. சுண்ணாம்பைச் சுரண்டிப் பார்க்கக் கை துறுதுறுத்தது; பாதுகாக்கிற இடம் என்பதால் கையைக் கட்டிக்கொண்டேன். ஆனாலும் பார்த்தாலே தெரிகிறது, அது நம்மூர்க் கொத்தனார் வேலை. சுண்ணாம்பு அரைத்த பக்குவம், முனை மடக்கிய விதம், எல்லாம் பாளையங்கோட்டைப் பக்கத்துப் பழைய பங்களாச் சுவர்களில் இருக்கிறதுதான். சாகடித்தவர்களும் இந்த ஊர், கல்லறை கட்டியவர்களும் இந்த ஊர்.

எழுத்து வெட்டிய கல்லுக்கு முன்னால் ரொம்ப நேரம் உட்கார்ந்துவிட்டேன். மருமகன் ஒரு கருவை நிழலைப் பார்த்துப் போய்விட்டான். மழுங்கிய எழுத்தை நேராகப் பார்த்தால் படிக்க முடியாது. பக்கவாட்டில் வெளிச்சம் விழவேண்டும். கையால் ஒரு பக்கம் வெயிலை மறைத்தால் எழுத்தின் குழியில் நிழல் விழும், அப்போது ஒவ்வொன்றாக வரும். இது அப்பா சொல்லிக் கொடுத்தது. விரலால் காற்றில் தடவுகிற மாதிரி ஒவ்வொரு வரியாகப் போனேன். பழைய உளி வேலையில் ஒரு விஷயம் உண்டு. நேர்க்கோட்டு எழுத்துகள் ஒழுங்காக நிற்கும், வளைவு வருகிற இடத்தில்தான் வெட்டியவனின் கை தெரியும். இங்கிலீஷில் எஸ். நம் எழுத்தில் ஞ, ஜ, ழ. அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் இங்கிலீஷ் கல் நிறைய வெட்டியிருக்கிறார். எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்து, படமாக நினைத்து வெட்டுவார். "இது என்ன எழுத்து" என்று கேட்டால் தெரியாது என்பார், ஆனால் அவர் வெட்டிய எஸ்ஸில் ஒரு குறை சொல்ல முடியாது. இருநூறு வருஷத்துக்கு முன்னால் இந்த நாட்டில் வெள்ளைக்காரனுக்குக் கல் வெட்டிய ஆள் யாராக இருந்தாலும் அப்பா மாதிரித்தான் இருந்திருப்பான் என்பது என் ஊகம்.

பெயர் கிடைத்திருப்பது பெரும்பாலும் அதிகாரிகளுக்கு. லெப்டினன்ட், கேப்டன் என்கிற ஆட்களுக்கு. அதுவும் எங்கள் கடை வழக்கம்தான். காசு உள்ளவனுக்கு முழு விவரம். கூடப் படித்தவன், ஒரே மேஜையில் சாப்பிட்டவன் காசு போட்டிருப்பான். சாதாரண வெள்ளைக்காரச் சோல்ஜருக்கு யார் போடுவார்கள்? அவனும் இங்கேதான் எங்கேயோ கிடக்கிறான். கப்பலில் ஆறு மாதம் வந்து, முள்வேலியைத் தாண்டி, பார்க்கவே முடியாத ஓர் ஈட்டியால் குத்துப்பட்டுச் செத்தவன். அவன் அம்மாவுக்குச் செய்தி போய்ச் சேர எத்தனை மாதம் ஆகியிருக்குமோ.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டே வந்தார்.

"எங்கிருந்து வாறிய?"

"பாளையங்கோட்டை, அண்ணாச்சி."

"இம்புட்டு நேரமா உக்காந்து தடவுறியளே, உங்க சொந்தக்காரவுகளா?"

மருமகன் நிழலில் இருந்து சத்தமாகச் சிரித்தான். தொழிலைச் சொன்னேன். பெரியவருக்கு அது நியாயமான காரணமாகப் பட்டது. தானும் உட்கார்ந்து வெற்றிலைப் பையைப் பிரித்தார்.

"நம்மாளுக குத்துன குத்துல விழுந்தவன். கெடந்துட்டுப் போறான்" என்றார். "ஒருத்தரும் இதுல செங்கல உருவிட்டுப் போகக் கூடாதும்பா எங்க ஆத்தா. உருவுனா ராத்திரி வந்து தட்டுவானாம். துரைக்கு நம்ம பாசை தெரியாதுல்லா, என்ன கேக்கான்னும் வெளங்காது, அது வேற தொல்ல."

இந்தப் பேச்சைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது. அகாலமாகச் செத்தவனை, குறிப்பாக ஆயுதத்தால் செத்தவனைச் சும்மா விடக்கூடாது, ஏதாவது கொடுத்து அமைதிப்படுத்த வேண்டும் என்பது நம் சீமையில் பழைய வழக்கம். சுடலை கோவில்களில் நிற்கிற பாதி சாமிகள் அப்படி வந்தவர்கள்தான். வெள்ளைக்காரனும் இதில் விலக்கு இல்லை. 1809 பிப்ரவரி 10-இல் திருவிதாங்கூர்த் திவான் வேலுத்தம்பியின் படையை எதிர்த்து ஆரல்வாய்மொழிக் கோட்டை வரிசையைக் கம்பெனிப் படை பிடித்தது. முன்னால் ஏறிப் போனது இதே வெல்ஷ்தான். அந்தச் சண்டையில் போல் என்ற ஒரு கேப்டன் படுகாயம் பட்டுச் செத்தார். அவரைச் சண்டை நடந்த இடத்தில் இருந்து சுமார் 25 மைல் தள்ளி, தேரிக்காட்டு மணலில் புதைத்தார்கள். கொஞ்ச காலத்தில் அந்தப் பக்கத்து மக்கள் அவருக்குப் படையல் போட ஆரம்பித்துவிட்டார்கள். படையல் என்ன தெரியுமா? சாராயமும் சுருட்டும். துரை உயிரோடு இருக்கும்போது எதை விரும்பினாரோ அது. இடையன்குடியில் இருந்த கால்டுவெல் பாதிரியார் 1849-இல் இதை எழுதிவைத்திருக்கிறார். எழுதும்போது அவர் முகம் சுளித்திருப்பார். எனக்கு என்னவோ அந்த மக்கள் மேல் மரியாதைதான் வருகிறது. யாரோ ஊர் பேர் தெரியாதவன், எதிரி என்றும் சொல்லலாம், அவனுக்குச் சுருட்டு வாங்கி வைக்கத் தோன்றியிருக்கிறதே.

பெரியவர் போன பிறகு மருமகன் எழுந்து வந்தான். அவன் பேச்சு குறைவு, ஆனால் சரியான இடத்தில் கேட்பான்.

"மாமா, வெள்ளக்காரன் மட்டுமா வந்து செத்தான்? கூட நம்ம ஆளுகளும் வந்திருப்பாங்கல்லா?"

அதுதான். கம்பெனிப் படையில் வெள்ளைக்காரன் கொஞ்சம், மிச்சம் எல்லாம் நம்மவர்கள். மதராஸ் பட்டாளத்துச் சிப்பாய்கள். தமிழன், தெலுங்கன், முஸ்லிம் எல்லோரும் அதில் இருந்தார்கள். மாதச் சம்பளத்துக்காகத் துப்பாக்கி தூக்கியவர்கள். அதுபோக எட்டயபுரத்து ஆட்களும் கம்பெனி பக்கம் நின்றார்கள். வெள்ளைக்காரனோடு சேர்ந்து இவர்களும் அந்த முள்வேலியில் விழுந்தார்கள். கல்லில் இவர்கள் பெயர் இல்லை. இந்தப் பக்கம் பாட்டிலும் இல்லை. கோட்டைக்குள் நின்று செத்தவர்களுக்காவது கும்மி இருக்கிறது, கதைப்பாடல் இருக்கிறது, பக்கத்துக் கவர்னகிரியில் கட்டபொம்மனின் தளபதி சுந்தரலிங்கத்துக்கு மணிமண்டபம் இருக்கிறது, சித்திரையில் சக்கதேவிக்குத் திருவிழா எடுத்து ஊர் ஊராக ஜோதி கொண்டு ஓடி வருகிறார்கள். சிப்பாய் எந்த ஊர்க்காரனோ, அவன் ஊருக்கு அவன் சண்டைக்குப் போய் வரவில்லை, அவ்வளவுதான். நம் மக்கள் அவனைத் துரோகி என்று பாடவும் மெனக்கெடவில்லை. எட்டப்பனைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

இதை நினைத்துக்கொண்டு அங்கே நின்றது எனக்கு ஒருவகையில் சங்கடமாகவே இருந்தது. வெள்ளைக்காரனுக்கு வருத்தப்படலாம், அவன் தூரத்து ஆள். கோட்டைக்காரர்களுக்குப் பெருமைப்படலாம். இந்த நடுவில் கிடக்கிறவனுக்கு என்ன செய்வது? நான் அந்தக் காலத்தில் பிறந்திருந்தால் கம்பெனி கூலி கொடுத்தால் கல் வெட்டியிருப்பேன். அப்பா கண்டிப்பாக வெட்டியிருப்பார். புள்ளிக்குக் காசு வாங்காமல்.

ஊமைத்துரையைப் பற்றி வெல்ஷ் எழுதியதை மருமகனுக்குச் சொன்னேன். மெலிந்த, நோஞ்சான் உடம்புக்காரர். ஆனால் அவர் ஜாடைக்கு மறுபேச்சு கிடையாது. தாக்குதலுக்குத் திட்டம் போடும்போது கொஞ்சம் வைக்கோல் துரும்புகளைப் பொறுக்கி இடது உள்ளங்கையில் வைப்பாராம். அது இங்கிலீஷ் படை. எங்கே, எப்போது என்று சைகையில் சொல்லிவிட்டு, வலது கையால் அந்தத் துரும்புகளை ஒரே வீச்சில் தட்டி விடுவாராம், வாயால் விஸ்ஸென்று சத்தம் எழுப்பிக்கொண்டே. அதுதான் கிளம்புவதற்கு உத்தரவு. அப்படிக் கிளம்பினால் முதல் ஆளாக முன்னால் நிற்பதும் அவர்தான். எதிரி எழுதியது இது. மருமகன் கீழே கிடந்த சோளத்தட்டைத் துரும்பை எடுத்து உள்ளங்கையில் வைத்து ஊதிப் பார்த்தான்.

கோட்டை விழுந்த அன்று ஊமைத்துரை உடம்பெல்லாம் காயத்தோடு வெளியில் ஒரு கிராமத்துப் பக்கம் விழுந்து கிடந்தார். பிணங்களுக்கு நடுவே தன் மகனைத் தேடி ஓர் அம்மா வந்தாள். மகனுக்கு உயிர் இருந்தது. அம்மா, நான் சாகிறேன், பக்கத்தில் கிடக்கிற சாமியைக் காப்பாற்று என்றான் அவன். அவள் ஊமைத்துரையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். எட்டயபுரத்து ஆட்கள் தேடிக்கொண்டு வந்தபோது மேலே துணியைப் போட்டு மூடி, வைசூரியில் பிள்ளை போய்விட்டான் என்று ஒப்பாரி வைத்தார்கள். வந்தவர்கள் வைசூரி என்றதும் திரும்பிப் பார்க்காமல் ஓடினார்கள். அந்த அம்மாவின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை, வெல்ஷும் கேட்டு எழுதவில்லை.

ஊமைத்துரை அதற்கப்புறம் மருது சகோதரர்களிடம் போனார். வெல்ஷுக்குச் சின்ன மருது பழைய சிநேகிதர். வளரி என்கிற வளைதடியை எறியக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். சிநேகிதரையும் கடைசியில் வேட்டையாடித்தான் பிடித்தார்கள். அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் மருது சகோதரர்களுக்குத் தூக்கு. நவம்பர் 16-இல் ஊமைத்துரையை இதே பாஞ்சாலங்குறிச்சிக்குக் கொண்டுவந்து தூக்கில் போட்டார்கள். கோட்டையை உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்று சொல்வார்கள். அண்ணனுக்குக் கயத்தாற்றில் சிலை உண்டு. நடிகர் சிவாஜி கணேசன் சொந்தக் காசில் இடம் வாங்கி 1970-இல் வைத்தது.

கிளம்பும்போது கல்லில் படிக்க முடிந்த வரிகளை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். ஒரு கல்லில் கீழ் இரண்டு வரி முற்றிலும் போய்விட்டது. வெளியில் நிற்கிற கல்லுக்கு உப்புக்காற்றும் மழையும் போதும், யாரும் வந்து உடைக்க வேண்டாம். யாராவது மிச்சம் இருக்கிற எழுத்துகளையாவது நல்ல சாய்வு வெளிச்சத்தில், காலை எட்டு மணிக்குள், ஒழுங்காகப் போட்டோ எடுத்து வைத்தால் நல்லது. உச்சி வெயிலில் எடுத்தால் ஒன்றும் விழாது. மறுபடி வெட்டுகிறேன் பேர்வழி என்று மட்டும் யாரும் உளியைத் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள். எங்கள் தொழில்காரர்கள் சிலருக்கு அந்தப் புத்தி உண்டு.

திரும்பும் வழியில் ஓட்டப்பிடாரத்தில் டீ. வ.உ.சி. பிறந்த ஊர். அவர் பிறந்த தேதி 1872 செப்டம்பர் 5. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைச் சுவரில் பானர்மேன் முட்டிக்கொண்ட அதே தேதி. மருமகனுக்கு இது ரொம்பப் பிடித்துப்போய்விட்டது, டீக்கடைக்காரரிடமும் சொன்னான். அவர் ஏற்கெனவே தெரிந்தவர் மாதிரித் தலையை ஆட்டினார்.

போக நினைக்கிறவர்களுக்கு: தூத்துக்குடியில் இருந்து 18 கிலோமீட்டர், ஓட்டப்பிடாரத்தில் இருந்து மூன்று. தண்ணீர் கையில் கொண்டுபோங்கள். சித்திரைத் திருவிழாச் சமயம் கூட்டம் அலைமோதும், அப்போது கோவிலைப் பார்க்கலாம், கல்லறையைப் பார்க்க முடியாது. தை, மாசி நல்லது. காலில் செருப்பைவிட ஷூ உத்தமம், உடைமுள் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும். கல்லறை மேல் உட்கார்ந்து செல்ஃபி எடுக்காதீர்கள், காரை தாங்காது.

அடுத்து ஆரல்வாய்மொழிப் பக்கம் போகலாம் என்று இருக்கிறேன். மருமகன் வருவதாகச் சொல்லியிருக்கிறான், பெட்ரோல் என் கணக்கு.